இழுவைக்கூலி

ஜர்க்கஸிக்கு ஐந்து நாள் இழுவைக்கூலி பாக்கி.
அவன் மோட்டார் படகின் வாலில்
கயிறு போட்டுக் கட்டிய எட்டுத் தோணிகளில்
முதல் தோணி என்னுடையது.
கடன்காரிக்குத்தான் புகையெல்லாம்.

மார்த்தபுரா ஆற்றில் இன்னும் விடியவில்லை.
காலடியில் லாய் பழங்கள்,
துரியனுக்குச் சித்தி மகள்கள்.
முள் உண்டு, மூக்கைத் துளைக்கும் வாடை இல்லை.
சூரியன் தாமதித்தால்
ஒன்றைப் பிளந்து வைத்துக்கொள்ளலாம்,
அப்படியொரு நிறம்.

கூடையில் கஸ்தூரி மாம்பழம்.
கத்தரிக்காய்த் தோல், கோழிமுட்டை அளவு.
காட்டில் இனி இந்த மரமே கிடையாதாம்,
கணக்கெடுக்க வந்தவர் சொன்னார்.
என் கொல்லையில் நிற்பதைக் காட்டினேன்.
"இது வளர்ப்பு" என்றார்.
நான் எங்கே வளர்த்தேன்?
என் மாமியாரின் வசவையும்
வௌவால் எச்சத்தையும் தின்று
தானாக நிமிர்ந்த மரம் அது.

எல்லாவற்றுக்கும் மேலே
வாழைச்சருகில் ஒரே ஒரு தராப்.
பார்வைக்குப் பலா. தொட்டால்
குளித்து வந்த பிள்ளையின் தலை.
திறந்துவிட்டால் சில நாழிகைதான் ஆயுள்.
கப்பல் ஏறாது.
ஜாவாக்காரர்கள் பேரைக் கேட்டிருக்கலாம்,
நாக்கு கேட்டிராது.

சந்தையில் எல்லாத் தோணியிலும் லாய்.
லாய் கொடுத்து லாய் வாங்க
யாருக்குப் பைத்தியம்?
வெயில் ஏறியதும் ஜர்க்கஸி வந்து ஒட்டினான்.
"காசு."
"பழம் எடுத்துக்கோ."
"பழத்தை ஊற்றினால் மோட்டார் ஓடுமா, மஸ்னியா?"

நான் எழுந்து கத்தியதில் தோணி ஆடியது.
தராப் உருண்டு
பலகையில் மோதி வாய் பிளந்தது.

மணம்.
அக்கரையில் துணி துவைத்தவள்கூட
நிமிர்ந்து பார்த்தாள்.

இனி அதற்கு விலையில்லை.
காத்திருக்கவும் அதற்குத் தெரியாது.
காம்பைப் பிடித்துத் தூக்கினேன்,
தோல் கழன்று விழுந்தது.
வெள்ளைச் சுளைகள் கொத்தாகத் தொங்கின.
அவன் எஞ்சினை அணைத்தான்.

தின்றோம்.
அவன் விரலில் கிரீஸ், என் விரலில் பால்பிசின்.
கூலியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை,
வாய்க்கு வேறு வேலை இருந்தது.

முடிந்ததும் கொட்டைகளை எண்ணினான்.
நூற்றுப் பதினொன்று.
வறுத்துத் தின்ன மடியில் முடிந்துகொண்டு
"மூன்று நாள் பாக்கி" என்றான்.

இரண்டு நாள் கழித்தது
சுளைக்கா கொட்டைக்கா, நான் கேட்கவில்லை.
திரும்பும்போது
என் தோணியைக் கடைசியில் கட்டச் சொன்னேன்.
கட்டினான்.