முப்பது மூச்சு

பால் குடித்து முடித்துத்தான் வரவேண்டும்,
தூங்க மருந்து தரமாட்டோம் என்று
நேற்றே தொலைபேசியில் சொல்லியிருந்தேன்.
பெர்க் ஆற்றின் அக்கரையிலிருந்து யோலாந்தி வந்தாள்.
திராட்சைத் தோட்டத்து பூட்ஸை வாசலில் கழற்றினாள்.
கியானோ கொட்டக்கொட்ட விழித்திருந்தான்.

காத்திருந்தோம்.
தென்கிழக்குக் காற்று
தகரக் கூரையைப் பிய்க்கப் பார்த்தது.
எனக்கு வேண்டியதோ
தடவைக்கு ஒரு பாலாடை அளவு.

"ஒன்றுமில்லாத பிள்ளையை எதற்கு அளக்கிறீர்கள்?"
இளைக்கும் பிள்ளைக்கு எவ்வளவு குறைகிறது என்று சொல்ல
குறையாத ஒருவன் வேண்டாமா என்றேன்.
"அப்போ இவன் எடைக்கல்லா?"
சிரித்தாளா என்று தெரியவில்லை.

பன்னிரண்டு இருபதுக்கு இமை மூடியது.
முகமூடி விளிம்பில் களிம்பை உருட்டி ஒட்டி
மூக்கும் வாயும் அடங்க வைத்தேன்.
கசிந்தால் எல்லாம் வீண்.
திரையில் ஒரு வளையம்,
அதன்மேல் இன்னொன்று,
யாரோ கிறுக்கின முட்டை போல
ஒன்றில் ஒன்று சரியாக உட்காராமல்.

இருபத்தாறு. இருபத்தேழு.
பெருமூச்சு விட்டான்.
ஆறு வாரத்துக்காரனுக்கு அப்படி என்ன அலுப்பு,
வளையம் திரையின் ஓரத்தைத் தொட்டுத் திரும்பியது.
பிறகு ஒரு நொடி, இரண்டு,
கோடு படுத்தே கிடந்தது.
அவள் என் முகத்தைப் பார்த்தாள்.
நான் திரையை.
மூன்று.
எழுந்தது.

விதிப்படி பெருமூச்சை நீக்கவேண்டும்,
அதை ஒட்டி வந்த ஐந்தையும்.
நீக்கினேன். மறுபடி எண்ணி முடித்தேன்.
'நலம்' என்ற கட்டத்தில் குறியிட்டேன்.

வாசலில் ஒரு காலை பூட்ஸுக்குள் விட்டபடி
யோலாந்தி திரும்பிக் கேட்டாள்:
"நீக்கினதை எங்கே வைப்பீர்கள்?"