கம்பளிக் கவசம்

இரும்பு என்றா நினைத்தீர்கள்?
கம்பளி. வெறும் கம்பளி.
தடித்த ஊசியில் நான் பின்னியது,
மேலே வெள்ளிச் சாயம் இரண்டு பூச்சு.
மழை பிடித்தால் ஒவ்வொரு மாவீரனும்
நனைந்த செம்மறியாக நாறுவான்.

அரகோன் மேட்டில் வால்தெசேரா எங்கள் ஊர்.
கோட்டைக்குக் கூரை இல்லை,
ஆட்களுக்கு வேலை இல்லை.
சிலுவைப்போரைக் கேலி செய்து ஒரு படமாம்,
நாளுக்கு ஐந்நூறு பெசேத்தா,
மதியம் ரொட்டியும் தொத்திறைச்சியும் என்றதும்
கைக்கடிகாரங்களைக் கழற்றி என் பெட்டியில் போட்டுவிட்டு
ஊரே பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குக் கிளம்பிவிட்டது.

குழாய் வேலை பார்க்கும் மெல்ச்சோர்தான் ஆயர்.
அட்டையில் முடி, திரைச்சீலையில் அங்கி,
விரலில் கண்ணாடிக் கல் மோதிரம்.
கதைப்படி அவர்
ஒரே புனிதரின் ஒரே தாடையெலும்பை
மூன்று ஊர்களுக்கு விற்கவேண்டும்.
(எலும்பு கசாப்புக் கடையில் வாங்கியது.
எந்த மிருகம் என்று நாங்கள் கேட்கவில்லை.)

இடைவேளையில் சிகரெட் வாங்கப் போனவரை
நடுத்தெருவில் மறித்து, மண்டியிட்டு,
மோதிரத்தை முத்தமிட்டாள்
ரொட்டிக்கடை ஃபெர்மினா.
போன வாரம் அவள் வீட்டுக் கழிவறை அடைப்பை
எடுத்துவிட்டது இதே விரல்கள்தான்.
கூலி இன்னும் பாக்கி.
"அங்கியைப் பார்த்ததும்
முட்டி அதுவாகவே மடங்கிவிட்டது" என்றாள் பிறகு.
பகலெல்லாம் அந்த முட்டியைத்
திட்டிக்கொண்டே இருந்தாள்.

நான்காம் நாள் நிஜப் பாதிரியார் வந்தார்,
தோன் இலாரியோ.
இயக்குநர் கழிப்பறைக்குள் ஒளிந்துகொண்டார்.
உடை அறையில் நான் தனியாக,
வாயில் குண்டூசிகளோடு.
தாடையெலும்பைப் பற்றி ஒரு சொல் இல்லை அவரிடம்.
அங்கியின் சரிகையைத் தடவினார்,
உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தார்.
"என்னுடையதில் அக்குள் கிழிந்திருக்கிறது, கசில்தா.
நற்கருணைப் பவனிக்கு மட்டும்
இதைத் தருவார்களா?"

தந்தார்கள்.
அந்த வருடம் திரைச்சீலைக்குப் பின்னால்
ஊர் முழுக்க நடந்தது. பக்தியோடுதான்.

ஆறாம் நாள், சேற்றுக் காட்சி.
சீமாட்டியின் கைக்குட்டைக்காக
உயிரையே கொடுப்பேன் என்கிற வீரன்
பாதம் நனையாமல் ஓடையைக் கடக்கவேண்டும்.
அவனை முதுகில் சுமக்கும் குடியானவன்
என் தம்பி எலெயுத்தேரியோ.
எப்படிக் குனிவதென்று யாரும் சொல்லித்தரவில்லை.
"அடடா, என்ன இயல்பு!" என்றார் இயக்குநர்.
தம்பி பதில் சொல்லவில்லை.
பதினோரு வயதிலிருந்து
தோன் லெயாந்த்ரோவின் ஒலிவத் தோப்பில் ஒத்திகை.

மறு கோடையில் படம் வந்தது,
பள்ளிச் சுவரில், இரண்டு படுக்கை விரிப்புகளைச் சேர்த்துத் தைத்த திரையில்.
பிரம்பு நாற்காலியில், முன்வரிசையில்,
குதிரைகளை வாடகைக்குத் தந்த தோன் லெயாந்த்ரோ.
நடு ஓடையில் குடியானவனுக்குத் தும்மல்.
வீரன் குப்புற விழுந்தான்.
விழுந்தவன் எழுந்து
மீசையில் மண் ஒட்டவில்லை என்று அறிவித்தான்.
ஊரே அதிர்ந்தது. தோன் லெயாந்த்ரோ
தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார்,
கண்ணீர் வழிய.
எங்கள் சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை.
அவருடையது மட்டும்
படக்கருவியின் கடகடப்போடு
தனியாகப் போய்க்கொண்டிருந்தது.
யாரும் இப்போது திரையைப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அதே ஓடையில்
அவருடைய கார் சக்கரம் புதைந்தது.
"எலெயுத்தேரியோ, வா, தள்ளு!"
தம்பி கரையில் நின்று
நிதானமாக ஒரு சிகரெட் பற்றவைத்தான்.
"இந்தக் காட்சிக்கு ஐந்நூறு பெசேத்தா, ஐயா."
கொஞ்சம் யோசித்து,
"ரொட்டியும் தொத்திறைச்சியும் தனி."

கொடுத்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள்.
கார் ராத்திரிவரை அங்கேயே இருந்தது,
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மிஞ்சிய கவசங்களைப் பிரித்துக்
காலுறை பின்னினேன்.
வெள்ளிச் சாயம் எத்தனை அலசினாலும் போகவில்லை.
அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில்
கணுக்கால்வரை எல்லோரும் பிரபுக்கள்.