தெரியுமில்லே

யாரும் என்னிடம் நேராகச் சொல்வதில்லை.
"இந்த வண்டியில நீ செத்துப்போவ" என்பதற்கு
எங்கள் பக்கத்தில் இலக்கணம் வேறு.
"நம்ம திம்மராயன் மச்சினன் தெரியுமில்லே..."
என்று ஆரம்பிக்கும்.
தெரியாது என்றாலும் நிற்காது.

பெட்ரோல் பங்க்கில் ஒருவர்.
பால் சொசைட்டியில் கேன் மூடியைத் திறந்தபடி ஒருவர்.
பட்டா நகலுக்குப் போன இடத்தில் தலையாரி.
கடைவாய்ப் பல் பிடுங்க
வாயைப் பிளந்து கிடந்தபோது பல் டாக்டர்கூட,
பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்து.

பொம்பளை, அதுவும் கியர் வண்டி,
பின்னால் நைட்ரஜன் குடுவை வேறு.
வெடிக்குமாமே?
மூடியை இறுக்கி அடைக்காதவரை வெடிக்காது.
கையில் பட்டால் பொசுக்கும், குளிரில்.

மாட்டுக்குச் சினை ஊசி போடுவது என் வேலை.
உத்தனப்பள்ளியில் ஒரு மாடு
பருவத்துக்கு வந்து விடிய விடியக் கத்தும்.
அடுத்த பஸ் பதினொன்றரைக்கு என்று
அதனிடம் யார் போய்ச் சொல்வது?

காது கொடுக்காமலும் இல்லை நான்.
பதினோரு வருஷம் கேட்டதில்
சாலை முழுக்கப் பேர் வைத்துத் தந்துவிட்டார்கள்.

சானமாவுக் காட்டு வளைவுக்குப் பசவராஜ் என்று பேர்.
விடிகாலைப் பனியில் இருட்டு என்று நினைத்தது
ஆனையாக இருந்திருக்கிறது.
அங்கே ஹாரன் அடிக்க மாட்டேன். இரண்டாம் கியர்.

கிரானைட் லாரி திரும்பும் முக்கு, நாகோஜியின் மகன்.
பத்திரிகை வைக்கப் போனவன்,
அவன் கல்யாணத்துக்கேதான்.

கெலமங்கலம் தாண்டி
வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை,
பேர் தெரியாத ஒரு டீச்சர்.
சக்கரத்தில் தலைப்பு.
துப்பட்டா போடுவதை அன்றோடு விட்டேன்.

மைல்கல்லில் எண் அழிந்துபோகிறது.
இவர்கள் அழிவதில்லை.

ஒருவரும் சொல்லாமல் விட்ட இடம் ஒன்றுதான்.
ராயக்கோட்டை மண்டி வாசல்.
கிலோ இரண்டு ரூபாய்க்கும் ஆளில்லை என்று
யாரோ வயிற்றெரிச்சலில்
கூடை கூடையாய் ரோட்டில் கவிழ்த்த தக்காளி.
வழுக்கியது.
வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்,
குடுவை மட்டும் சாமி மாதிரி நிமிர்ந்து நின்றது.
சட்டை முழுக்கச் சிவப்பைப் பார்த்து
கூட்டத்தில் பாதிப் பேர் அழுதுவிட்டார்கள்.
நான் விதையைத் துப்பினேன்.
இடது மணிக்கட்டு, ஆறு வாரம் கட்டு.

போன மாசம் சூளகிரி ரோட்டில் டீக்கடை.
ஹெல்மெட்டோடு வடை பார்சலுக்கு நிற்கிறேன்.
பூசை போட்ட சந்தனம்கூட உதிராத
புது பைக் ஒன்று, அதில் மீசை அரும்பாத ஒருவன்.
அவனிடம் வேன் டிரைவர் சொல்கிறார்:
"மாட்டு ஊசி போடுற அம்மா ஒண்ணு இருந்துச்சு தெரியுமில்லே,
தக்காளி மண்டிகிட்ட...
ஸ்பாட்லயே."

பையன் உச்சுக் கொட்டினான்.
எனக்கும் ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது.

"சாகல," என்றேன். "மணிக்கட்டுதான்."

"நீங்க பாத்தீங்களா?"

"பக்கத்துலதான் இருந்தேன்."

யோசித்துவிட்டு,
"அது வேற ஆளா இருக்கும்," என்றார்.
ரத்தம் எதுவரை ஓடியது என்று
விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

விட்டுவிட்டேன்.
மண்டி வாசலில் இனி அந்தப் பையன்
என் பேரில் ஒரு கியர் குறைப்பான்.
குறைக்கட்டும்.

பார்சலைக் கைப்பிடியில் மாட்டும்போது போன்.
கெம்பம்மா.
"மதியத்துலேர்ந்து கத்துதும்மா, சீக்கிரம் வா.
மழை இறங்குது, பாத்து வா.
எங்க ஊர் பாலத்துகிட்ட போன வாரம்
ஒருத்தர் தெரியுமில்லே..."

"தெரியாதே," என்றேன்,
சாவியைத் திருகிக்கொண்டே.
"பேர் என்ன?"