ஒட்டுப்பால்

வடசேரியில் கடைசி பஸ் கிளம்பும்வரை
எங்கள் பரிசோதனை தொடங்காது.
யாரோ ஒரு டிரைவர் ரிவர்ஸ் எடுத்தால் போதும்,
மூன்றாம் மாடியில், கேமராத் திரையில்
எல்லாப் புள்ளிகளும் ஒருமுறை துள்ளிவிடும்.
ஆடிக்காற்று வேறு, ஆரல்வாய்மொழியைத் தாண்டி வந்து
சன்னலைப் பிடித்து உலுக்குகிறது.
பழைய ரெக்கார்டு நோட்டைக் கிழித்து மடித்து
இடுக்கில் செருகினேன்.

குலசேகரத்திலிருந்து பெர்லின்
ஹார்லிக்ஸ் பாட்டிலில் ரப்பர் பால் கொண்டுவந்திருந்தான்.
மழைக்கு பிளாஸ்டிக் பாவாடை கட்டிய மரங்களில்
விடியுமுன் அவனே வெட்டியது.
பாட்டிலைத் திறந்ததும் அம்மோனியா
இருவர் மூக்கையும் ஏறி மிதித்தது.

கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டுப் பால்,
அதில் ஊசிமுனை அளவு ஆசிட்.
லேசரைத் திறந்தோம்.
புற்றைக் கிளறிய எறும்புகள்!
கூடிய அலை வெளிச்சமாகவும்
முரண்டிய அலை இருட்டாகவும்
பாலுக்குள் எதெதுவோ நடமாடுவதைத்
திரைக்கு ஒப்பித்தபடி.
பத்து நொடிக்கு ஒரு படம்.
இனி காத்திருப்பதுதான் வேலை.

தூக்கம் வராமலிருக்க
லேசர் டார்ச் ஒன்றை லென்ஸ் வைத்து விரித்து
சுவரில் அடித்தோம்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன்.
மேசை கரைந்தது, கடிகாரம் கரைந்தது,
பெர்லின் முகம் கரைந்தது.
புள்ளிகள் மட்டும் அப்படியே, கூராக.
தலையை இடப்பக்கம் அசைத்தேன்.
அவை வலப்பக்கம் ஓடின.

"இல்ல, இடதுக்குத்தான் போவுது."
"வலது."
"எனக்க கண்ணு முன்னால போவுது, நீ என்ன சொல்லுத?"
ஒரே சுவர். ஒரே சிவப்பு.
கால்மணி நேரம் சண்டை போட்டோம்.
பிறகுதான் உறைத்தது:
எனக்குக் கிட்டப்பார்வை. அவனுக்கு, இருபத்திநாலு வருசமாக
யாரும் சொல்லாத தூரப்பார்வை.
புள்ளி சுவரில் இல்லை,
அவரவர் கண்ணுக்குள் விளைகிறது.

அவன் இடது பெருவிரலைப் பார்த்தேன்.
பட்டைக்குப் பதிலாகக் கத்தி இறங்கிய தழும்புகள்,
ஏழோ எட்டோ.
"கவனம் இல்லாதவன்னு அப்பன் ஏசுவாரு" என்றான்,
விரலை மடக்கிக்கொண்டு.

இரண்டு ஐம்பதுக்கு எறும்புகள் நின்றன.
வரைகோடு சரிந்து தரையோடு படுத்தது.
உறைந்த நேரம், வெப்பநிலை, ஆசிட் அளவு
எல்லாம் எழுதினேன்.
விரலுக்கு அட்டவணையில் கட்டம் இல்லை.

சில்லிலிருந்து பாலை உரித்து உருட்டி
சட்டைப்பையில் போட்டான்.
"எதுக்குடே அது?"
"ஒட்டுப்பாலுக்கும் வெல உண்டு.
கண்ணாடி என்ன வெல ஆவும்?"

கீழே முதல் பஸ் இருமியது.
திரை துள்ளியது.