இரட்டைக்குழல், ஒன்று

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே
கடையாலுமூடு ஸ்டேஷனுக்குத் துப்பாக்கிகள் வரத் தொடங்கிவிடும்.
சாக்கில் சுற்றி, பழைய வேட்டியில் சுற்றி,
ஒருவர் ரப்பர் ஷீட்டில் சுற்றிக் கொண்டுவந்தார்,
புகைப்புரை வாசம் இன்னும் போகாமல்.
நான் எழுதுவேன்:
இரட்டைக்குழல், ஒன்று. தோட்டா, பதினொன்று.
உரிமம் எண், உரிமையாளர், நிலை.

தாசையன் கடைசி நாள் வந்தார்.
"கையெழுத்து போடுதேன், போடாம என்ன.
ஆனா பன்னிக்கு நோட்டீஸ் குடுத்தாச்சா?
ஓட்டு எண்ணுத வரைக்கும்
மரச்சீனி விளைக்குள்ள ஏறப்பிடாதுண்ணு?"
பாரா நின்ற பையன் சிரித்துவிட்டான்.
நான் குனிந்து ரசீது கிழித்தேன்.
அந்த மஞ்சள் தாளை நாலாக மடித்து
ரேஷன் கார்டுக்குள் செருகினார்,
பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுப்போகும் தகப்பனின்
அதே சிடுசிடுப்போடு.

இரவு ரோந்தில், பத்துகாணி ஏற்றத்தில் கேட்டேன்:
தகரம் தட்டுகிற சத்தம்,
இருட்டில் அலையும் ஒரு டார்ச்,
ஏய் ஏய் என்று கம்மிப்போன ஒரு தொண்டை.
வண்டியை நிறுத்தவில்லை.
நிறுத்தி என்ன சொல்ல?

வாக்குப்பதிவு அன்று எனக்குப் பள்ளிக்கூட வாசல்.
நூறு மீட்டர் டேப் பிடித்து அளந்து
முந்தின நாளே சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தோம்.
விடியக்காலை மழை பாதியை அழித்தது.
மீதியை பூட்ஸ் முனையால்
சேற்றில் கீறி முடித்தேன்.

ஒன்பதரைக்கு வேட்பாளர் வந்தார்.
அவருக்கும் இங்கேதான் ஓட்டு.
வெள்ளை வண்டி, நாலு பேர், கூட ஒரு கன்மேன்:
நாகர்கோவில் ஆயுதப்படையில் என்னோடு இருந்த ஜெயசிங்.
சபாரிச் சட்டைக்குள் இடுப்பில் ஒரு புடைப்பு.
கோட்டைத் தாண்டக் கால் தூக்கியவனிடம்
"ஜெயசிங், அங்கேயே நில்லு" என்றேன்.
என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி.

"ஆளு யாருண்ணு தெரியுமா?" என்றார் நாலில் ஒருவர்.
தெரியும். ஒரு மாதமாகத் தினமும்
நோட்டீஸில் கும்பிட்டுக்கொண்டிருக்கிற முகம்.
வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது:
பால்வெட்டு முடித்து ஒட்டுப்பால் நாற்றத்தோடு வந்தவர்கள்,
கைக்குழந்தையோடு ஒருத்தி,
ஆறுகாணியிலிருந்து ஜீப்பில் இறங்கிய எட்டுப் பேர்,
பதினாலாவதாக தாசையன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
சட்டைப்பையைத் தொட்டார். அவ்வளவுதான்.
உள்ளே இருந்தது மஞ்சள் ரசீதா, பூத் சிலிப்பா,
எனக்குத் தெரியாது.
ஆனால் அந்தக் கையைவிடப்
பெரிய மேலதிகாரியை
இருபது வருட சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

எவ்வளவு நேரம் இருக்கும்?
ஒரு பஸ் கொண்டையூசி வளைவைத் திரும்புகிற நேரம்.
ஜெயசிங்தான் முதலில் காலைப் பின்னுக்கு எடுத்தான்.
"சாரே, நான் அந்தப் பிலாவு மூட்டுல நிக்கேன்."

வேட்பாளர் தனியாக நடந்தார்.
தனியாக நடந்தபோதுதான்
அவருக்கு இடது கால் லேசாக இழுப்பது தெரிந்தது.
வழுக்கும் படியில் பால்வெட்டுக்காரர் ஒருவர் கை கொடுத்தார்.
கொடுத்த கையாலேயே வரிசையையும் காட்டினார்:
"அங்க, கடைசில."

மத்தியானம் போனில் இன்ஸ்பெக்டர் கத்தினார்.
எதற்கென்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

முடிவு வந்து ஒரு வாரம் கழித்து தாசையன் வந்தார்.
விரல் மை நகத்தின் நுனிக்கு ஏறியிருந்தது.
துப்பாக்கியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினார்.
வலது குழலின் வாயில் குளவி மண்கூடு.
"ஓ, வாடகைக்கு விட்டாச்சா" என்று
துடைப்பத்தில் ஒரு ஈர்க்கு உருவிக் குத்தி
மண்ணை என் மேசையிலேயே கொட்டினார்.

நிலை என்ற இடத்தில் என்ன எழுத, என்றேன்.
"நல்ல நெலைண்ணு எழுதுங்க மேடம்.
விளை கெடக்க நெலைக்கு
ஒங்க புக்குல கோடு இல்லியே."

இல்லைதான்.
எண்பத்திமூணு மூடு போச்சு என்றார். எண்ணியிருக்கிறார்.
அவர் படியிறங்கிய பிறகு
ஓரத்தில், பென்சிலால், அதையும் எழுதிவைத்தேன்.
ஆடிட்டுக்கு வருகிறவர்கள் அழித்துக்கொள்ளட்டும்.