இழுத்துப் பொருத்துக

சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தாங்கியின் மேல் மட்டும்.
ஞாயிறு காலை
குடையைக் கழுத்திடுக்கில் சொருகிக்கொண்டு ஏறினேன்.
‘அயனமண்டல மழைக்காடுகள், தரம் ஐந்து’:
ஒரு காணொளி, ஒரு விளையாட்டு,
அச்செடுக்கப் பத்துப் பக்கம்.
தொண்ணூற்றிரண்டு வீதத்தில் இறங்காமல் நின்றது.
மஸ்கெலியாப் பக்கத்து முகில் விலகும் வரை
நானும் நின்றேன்.

திங்கள்.
முப்பத்தொரு பிள்ளைகளுக்கு ஒரு டெப்.
வாங்குகளை அரைவட்டமாய் இழுத்துப் போட்டோம்.
எங்கோ ஒரு நாட்டில் மழை பெய்தது,
எங்கள் தகரத்திலும் பெய்தது.
சத்தத்தைக் கூட்டினேன்.
தகரமும் கூட்டியது.

சிவப்புத் தவளைக்கு வாய் பிளந்தார்கள்.
வாழைப்பழ அலகுப் பறவைக்குக் கைதட்டினார்கள்.
காட்டுக்குள் நடக்கிறவரின் கால் தெரிந்ததும்
விதுர்ஷன் எழுந்துவிட்டான்:
‘டீச்சர், அவருக்கு அட்ட கடிக்காதா?
சவுக்காரம் பூசியிருக்காரா?’
காணொளி அதைச் சொல்லவில்லை.

பிறகு விளையாட்டு.
உலகப் படத்தில் மழைக்காடுகளைத் தொடுக.
ஜனுஷிகா நம்முடைய தீவைத் தொட்டாள்.
அவள் விரல்நுனியை விடத் தீவு சிறிது.
கடலைத் தொட்டதாய்ச் சிணுங்கியது டெப்.
மறுபடி தொட்டாள்.
மறுபடியும் கடல்.
‘குண்டூசி கொண்டாரட்டா?’ என்றாள்.
நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.
இன்னும் அது உறுத்துகிறது.

நான்கு அடுக்கு:
உச்சி, விதானம், கீழடுக்கு, தரை.
கழுகை இழுத்து மேலே விட்டார்கள், எறும்பைக் கீழே.
முழுப் புள்ளி. டெப் பலூன் பறக்கவிட்டது.

கடைசியாகத் தாள்.
அதிபரின் அச்சுப்பொறியில் மை தீருகிற நேரம்,
மரமெல்லாம் சாம்பலாய் வந்திருந்தது.
வெறும் கட்டம் நான்கு.
உங்களுக்குத் தெரிந்ததை வரைக.

யுகேந்திரன் தரையில் ஒரு வளையம் வரைந்து
அதற்குள் புள்ளி புள்ளியாய் ஒரு கால் வைத்தான்.
பன்றிக்குக் கட்டிய கம்பி, மாட்டியது சிறுத்தை.
போன மாதம் அவன் மாமாதான்
தொரைக்குப் போய்ச் சொன்னவர்.
சரி போடுவதா, பிழை போடுவதா?
திகதி மட்டும் போட்டேன்.

தர்மிளா விதானத்தில் தேயிலை வரைந்திருந்தாள்.
சிவப்புப் பேனையை எடுத்துவிட்டேன்.
‘தேயிலை இடுப்பளவுதானே பிள்ளை?’

‘அது நாம வெட்டுறதால டீச்சர்.
கவ்வாத்து இல்லேனா அது மரம்.
ஏழாம் நம்பர் மலைய விட்டுட்டாங்கல்ல,
போய்ப் பாருங்க.
மட்டக்கம்பு வைக்க ஆளில்ல,
அது பாட்டுக்கு ஏறிருச்சி.
மேல பூ. மந்தி குந்தியிருக்கும்.
அடியில ஒரே இருட்டு.’

கீழே ஒரு பெண், தலையில் கூடைக் கயிறு.
கோட்டைக் கடந்து நின்றாள்.
‘அம்மா இடுப்பு வரைக்கும் தரை,
அதுக்கு மேல கீழடுக்கு.
ஒரு கட்டத்துல கொள்ளல டீச்சர்.’

விடைகள் பதினோராம் பக்கத்தில் இருந்திருக்கும்.
அதற்கு முன்பே டேட்டா முடிந்திருந்தது.

மூன்று மணிக்கு மேல்
ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினேன்.
மானாப்புல் முழங்கையைக் கீறியது.
பழைய வெட்டுக்காயங்கள் முழங்கால் உயரத்தில்
முண்டும் முடிச்சுமாய் இருந்தன.
அதற்கு மேல்
ஒரு கத்தியும் தொடாத நேர்க்கிளைகள்.
உச்சியில் ஏதோ தாவி
என் மேல் தண்ணீரைக் கொட்டியது.
மந்தியா, காற்றா, பார்ப்பதற்குள் போய்விட்டது.

இருபத்தொன்பது வருடம்
தேயிலையைக் குனிந்து பார்த்தவள்,
அடியில் நின்று
அண்ணாந்தேன்.
மஞ்சள் நடுவோடு வெள்ளைப் பூக்கள்,
அதற்கும் மேலே கொஞ்சம் வானம்.

செருப்புக்குள் ஏதோ ஈரமாய் ஊர்ந்தது.
சவுக்காரம் பூசாமல் வந்திருந்தேன்.