மற்றவை

பாகலூர் சாலையில் கிளினிக் திறந்த அன்று
பதிவேட்டுக்கு நானே கோடு போட்டேன்.
மாடு, ஆடு, நாய், பூனை, கோழி.
ஓரத்தில் மிஞ்சிய விரலகல இடத்துக்கு
மற்றவை என்று பெயர்.

அதற்குள்தான் இப்போது நெரிசல்.
அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போகும் தம்பதி
சட்டைப்பையில் கொண்டுவரும் சுகர் கிளைடர்,
தன் இறகைத் தானே பிடுங்கும் காக்டீல்,
சோப்பு டப்பாவில் கண் வீங்கிய ஆமை,
இரண்டு வயதில் கிழடுதட்டும் ஹாம்ஸ்டர்.
கல்லூரியில் ஐந்து வருடம்
மாட்டின் நான்கு வயிற்றையும் மனப்பாடம் செய்தவள் நான்.
இவற்றின் நெஞ்சுத் துடிப்பை எண்ண
என் உதடு போதவில்லை.

மார்கழி. ராத்திரி ஒன்பதே கால்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்தாள் நசீமா.
குனிந்து உள்ளே வந்தான் திம்மராஜ்.
கம்பெனி யூனிஃபார்ம், நெஞ்சோடு ஒரு ஷூ பெட்டி,
மூடியில் பேனாவால் குத்திய ஓட்டைகள்.
உள்ளே பழைய பனியன்மேல்
வாலைச் சுருட்டிக்கொண்டு ஓர் இகுவானா.

பேர்?
மல்லி. கொத்தமல்லின்னா உசுரு, மேடம்.
ஆணா பெண்ணா?
அது சொல்லலை.

என் தராசு லேப்ரடார்களுக்கானது.
கடை மூடிய சேட்டிடம் வாங்கிய
பவுன் தராசில் வைத்தேன்.
முந்நூற்று நாற்பது கிராம்.

காலைத் தொட்டுக் காட்டினான்:
தொடை எப்படி சதை பிடிச்சிருக்கு பாருங்க,
நாலு மாசமா நல்ல தீனி.
தொட்டேன். சதை இல்லை அது.
எலும்பு இளகும்போது
உடம்பு பதறிப்போய்ச் சுற்றிக் கட்டுகிற கட்டு.
கீழ்த்தாடை ரப்பராய் வளைந்தது.
விரல்நுனிகளில் நடுக்கம்,
சைலண்டில் போட்ட போன் மாதிரி.

நாயென்றால் கத்தியிருக்கும்.
மாடென்றால் என் முட்டியைப் பேர்த்திருக்கும்.
இது என்னைப் பார்த்தபடியே
ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டது.

எங்கே வைத்திருக்கிறாய்?
ரூம்லதான். கண்ணாடித் தொட்டி.
வெயில்?
நைட் ஷிஃப்ட் மேடம், மூணு வருஷமா.
பகல் பூரா தூங்கணும்.
ஜன்னலுக்கு ஃப்ளெக்ஸ் அடிச்சிருக்கேன்.
எந்தக் கட்சி, என்றாள் நசீமா.
ஏதோ காதுகுத்து, என்றான்.

இன்சுலின் ஊசியில் கால்சியம் எடுத்தேன்.
கணக்கை மூன்று முறை போட்டேன்;
புள்ளி ஓரிடம் தள்ளினால்
இந்த நெஞ்சு நின்றுவிடும்.
நசீமா வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி
அணைவாக வைத்தாள்.
தான் பார்த்தேயிராத ஒரு காட்டின் வெக்கையை
ஓசூர்க் குளிரில்
தோல் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

சீட்டு எழுதினேன்.
முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை.
கோஸ் நிறுத்தவும்.
சொட்டு மருந்து, தினம் இரண்டு வேளை.
வெயில், எட்டு முதல் ஒன்பது.
கண்ணாடி வழியாக வருவது கணக்கில் சேராது.

எட்டுக்குத்தான் மேடம் வந்து படுப்பேன்.
படுக்கும் முன் மாடிக்குக் கொண்டு போ.
விட்டுட்டு வந்துரலாமா?
பருந்து தூக்கிவிடும். கூடவே உட்கார்.

ஷட்டருக்குக் குனிந்தவன் திரும்பினான்:
எனக்கும் இடுப்பு ரொம்ப வலிக்குது,
அதே சொட்டு நானும் போடலாமா?
நான் மாட்டு டாக்டர், என்றேன்.
அதனால என்ன மேடம்.

பொங்கல் கழிந்து வந்தான்.
மூக்கின்மேல் தோல் உரிந்திருந்தது, அவனுக்கு.
மல்லியின் தாடை இன்னும் இளக்கம்தான்,
பிழைக்கும் என்று எழுதித்தர மாட்டேன்.
ஆனால் தராசில் ஏற்றும்போது
நகத்தால் என் கையைக் கீறிவிட்டது.
முந்நூற்று ஐம்பத்திரண்டு.
பதிவேட்டின் விரலகல இடத்தில்
இடுக்கி இடுக்கி எழுதினேன்.
பன்னிரண்டு கிராம் கூடியிருக்கு, என்றேன்.
ஒன்றரைப் பவுன், என்றாள் நசீமா.